கேள்வி - பதில்: மகன் வீட்டார் வேட்டைக்குக் கிளம்பினால்…

போன இதழில் மன்னார்குடி வாசகி ஒருவரின் கடிதத்தைச் சுருக்கிப் போட்டு, பதில் அடுத்த வாரம் என்று எழுதியிருந்தேன். மகன் அமெரிக்காவில், டென்வர் பக்கம், குடியுரிமையே வாங்கிவிட்டார். இப்போது மருமகள், 13 வயதுப் பேத்தி என்று குடும்பத்தோடு வேட்டைக்குக் கிளம்புகிறார்கள் என்பதுதான் அந்த அம்மாவின் கவலை. அதைப் படித்துவிட்டு டெல்டா முழுக்க ஆளாளுக்குக் கேள்வி அனுப்பிவிட்டார்கள், எல்லாவற்றையும் சேர்த்தே பார்த்துவிடலாம்.

ஆகஸ்டு கடைசியில் தொடங்கி நவம்பர் வரை கொலராடோ, வயோமிங், மொன்டானா, நியூ மெக்ஸிகோ என்று நாலு மாநிலம் போட்டிருக்கிறார்கள். ஒரு குடும்பம் இத்தனை மானைச் சுட்டு என்ன செய்யும்? போலீஸ் பிடிக்காதா? பெண் குழந்தை கையில் துப்பாக்கி கொடுக்கலாமா?
*- வாசகி, மன்னார்குடி*

அம்மா, நாலு மாநிலம் என்றதும் நாலு இடத்திலும் சுட்டுத் தள்ளப் போகிறார்கள் என்று நினைத்துவிட்டீர்கள். எங்கே கிடைக்கும் என்று தெரியாததால்தான் நாலு இடத்தில் விண்ணப்பமே போடுகிறார்கள். அங்கே காட்டு விலங்கு எவருடைய நிலத்தில் மேய்ந்தாலும் அது மாநிலத்தின் பொதுச்சொத்து. ஒவ்வொரு மாநிலத்து வனவிலங்குத் துறையும் தன் எல்லையைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஹெலிகாப்டரில் போயும் எண்ணிப் பார்த்து, இந்தப் பகுதியில் இந்த வருஷம் இத்தனை ஆண், இத்தனை பெண் எடுக்கலாம் என்று கணக்குப் போடுகிறது. மேட்டூரில் இருக்கிற தண்ணீரைப் பார்த்து வாய்க்காலுக்கு வாய்க்கால் முறை வைக்கிறோமே, கிட்டத்தட்ட அந்த ஏற்பாடுதான், என்ன, இங்கே மாதிரி ராத்திரியில் போய் மடையைத் திறந்துவிட்டு வர முடியாது.

அந்தக் கணக்குப்படி கொடுக்கிற சீட்டுக்கு டேக் என்று பெயர். ஒரு டேக்குக்கு ஒரு விலங்கு, அவ்வளவுதான். எந்தப் பகுதி, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி, ஆணா பெண்ணா, வில்லா ரைபிளா எல்லாம் அதிலேயே இருக்கும். நல்ல பகுதிகளுக்குக் குலுக்கல். வயோமிங்கில் வெளி மாநிலத்தவர் எல்க் மானுக்கு ஜனவரியிலேயே விண்ணப்பிக்க வேண்டும், நியூ மெக்ஸிகோவுக்கு மார்ச், கொலராடோவுக்கு ஏப்ரல். கிடைக்காவிட்டால் கொலராடோ மாதிரி மாநிலங்களில் ஒரு பாயிண்ட் சேரும், பாயிண்ட் கூடினால் வரிசையில் முன்னுக்கு வரலாம். பெரிய கொம்புக் காட்டுச் செம்மறிக்கெல்லாம் இருபது வருஷம் பாயிண்ட் சேர்த்துக் காத்திருப்பவர்கள் உண்டு. நியூ மெக்ஸிகோவில் பாயிண்டே கிடையாது, வெறும் அதிர்ஷ்டம், அதிலும் குலுக்கலில் நூற்றுக்கு 84 டேக் உள்ளூர்க்காரருக்குப் போய்விடும். பணமும் அப்படித்தான். வயோமிங்கில் குடியிருப்பவருக்கு எல்க் உரிமம் 60 டாலருக்குள் முடியும், டென்வரிலிருந்து போகிற உங்கள் மகன் 700 டாலரை ஒட்டிக் கட்ட வேண்டும். ஆக நாலில் இரண்டு விழுந்தாலே உங்கள் மகனுக்கு அது யோகமான வருஷம். விழுந்த பிறகும் கறி நிச்சயமில்லை, கொலராடோவில் எல்க் வேட்டைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் வெறுங்கையோடுதான் வீடு திரும்புகிறார்கள்.

போலீஸ் விஷயம். வேட்டையைக் கண்காணிக்கவென்றே கேம் வார்டன் என்கிற அதிகாரி இருக்கிறார், காட்டு ரோட்டில் வண்டியை நிறுத்தி உரிமத்தைக் கேட்பார், ஐஸ் பெட்டியைத் திறக்கச் சொல்வார். ஒரு மாநிலத்தில் தப்புச் செய்து உரிமம் பறிபோனால், மாநிலங்களுக்குள் இருக்கிற ஒப்பந்தத்தால் மற்ற மாநிலங்களிலும் போச்சு. குழந்தைக்கு 13 என்கிறீர்கள், கொலராடோவில் பெரிய விலங்கு வேட்டைக்கு 12 வயது போதும். ஆனால் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பில் தேறி அட்டை வாங்கியிருக்க வேண்டும், 16 ஆகிறவரை பெரியவர் ஒருவர் கண்ணில் படுகிற தூரத்தில் கூடவே இருந்தாக வேண்டும். அந்த வகுப்பில் முதலில் சொல்லிக் கொடுப்பது துப்பாக்கி முனையை எங்கே காட்டக் கூடாது என்பதைத்தான். உங்கள் பேத்தி அங்கே பத்திரமாகத்தான் இருப்பாள். எனக்கு அதைவிடக் கவலை, ஊருக்கு வரும்போது நம் பைபாஸில் ஹெல்மெட் இல்லாமல் மாமா பையன் பின்னால் உட்கார்ந்து போகிறாளே, அது.

போட்டோவில் எல்லாரும் பளிச்சென்று ஆரஞ்சுச் சட்டை, ஆரஞ்சுத் தொப்பியோடு நிற்கிறார்களாமே? என் மாமியார் பார்த்தால் எந்த மலைக்கு மாலை போட்டிருக்கிறார்கள் என்று கேட்பார். மான் பார்த்து ஓடிவிடாதா?
*- வாசகி, திருவையாறு*

மாலை இல்லை, சட்டம். கொலராடோவில் ரைபிளோடு போகிறவர் குறைந்தது 500 சதுர அங்குலம் ஒளிரும் ஆரஞ்சோ, ஒளிரும் ரோஸோ போட்டிருக்க வேண்டும், தலையிலும் அதே நிறம். இன்னொரு வேட்டைக்காரர் நம்மை மான் என்று நினைத்துவிடக் கூடாதே. மானின் கண்ணுக்குச் சிவப்பு, ஆரஞ்சு எல்லாம் மங்கலாகத்தான் தெரியும், அது ஓடுவது வாசனைக்கும் அசைவுக்கும்தான். மாமியாருக்குச் சொல்லுங்கள், மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு போனால்தான் ஆபத்து.

வாயில்லா ஜீவனைப் பொழுதுபோக்குக்குக் கொல்வது பாவமில்லையா? படித்தவர்களே இப்படியா?
*- வாசகர், கும்பகோணம்*

கொன்றால் பாவம் தின்றால் போச்சு என்று நம் பெரியவர்கள் வேடிக்கையாகச் சொன்னதை அந்த மாநிலங்கள் கிட்டத்தட்டச் சட்டமாகவே எழுதி வைத்திருக்கின்றன ஐயா. தின்னக் கூடிய கறியைக் காட்டில் விட்டுவிட்டு வந்தால் குற்றம், கொம்பை மட்டும் அறுத்துக்கொண்டு வந்தால் வழக்கு. சுட்ட கறியை விற்கவும் முடியாது, தின்ன வேண்டும் அல்லது கொடுக்க வேண்டும்.

வேலை அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஆண் எல்க் 300 கிலோ வரும், நம் கடமானின் பெரிய அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரோட்டிலிருந்து நாலைந்து மைல் உள்ளே, ஏழாயிரம் எட்டாயிரம் அடி உயரத்தில் அது விழுந்தால், உடனே தோலை உரித்துச் சூட்டைத் தணிக்கவில்லை என்றால் கறி கெட்டுவிடும். தொடைகளைப் பிரித்து, பருத்தித் துணிப் பையில் கட்டி, முதுகில் சுமந்து நாலு நடை ஐந்து நடை இறக்க வேண்டும். கடைசியில் எலும்பு நீக்கி 80, 100 கிலோ தேறும், ஒரு வருஷத்துக்கு ஃப்ரீஸர் நிரம்பும். கழுத்துக் கறியைத் துண்டு போட்டு உப்பும் மஞ்சளும் தடவி உப்புக்கண்டம் போடுகிற தமிழ் வீடுகள் அங்கே இருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன். கொழுப்பே இல்லாத கறி, நம் ஆட்டுக்கறிப் பக்குவத்தில் அவசரப்பட்டால் செருப்புத் தோல்தான். நல்லெண்ணெய் தாராளமாக விட்டு, மிளகு தட்டிப் போட்டு, சின்னத் தீயில் விட்டுவிட வேண்டும்.

பாவமா என்றால், கோழிக்கடையில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கிலோ வாங்குகிற நானும் நீங்களும் அந்தக் கேள்வியைக் கேட்கிற தகுதியில் கொஞ்சம் குறைந்தவர்கள். நீங்கள் சைவம் என்றால் கேளுங்கள், உங்களுக்கு அந்த உரிமை உண்டு.

மான் கறியில் ஏதோ மூளை நோய் இருக்கிறதாமே, சமைத்தால் போய்விடுமா?
*- வாசகி, மயிலாடுதுறை*

போகாது. அதுதான் அதில் சங்கடம். மானை உருக்கிக் கொல்கிற நோய் அது, 1967-ல் கொலராடோவில் ஆராய்ச்சிக்காக அடைத்து வைத்திருந்த மான்களில்தான் முதலில் பார்த்தார்கள். பிரியான் என்கிற கெட்டுப்போன புரதத்தால் வருவது, கொதிக்க வைத்தாலும் அழியாது. மனிதருக்கு வந்ததாக இதுவரை உறுதியாகவில்லை. ஆனாலும் நோய் உள்ள பகுதியில் சுட்டதைப் பரிசோதனைக்குக் கொடுத்து, முடிவு வந்த பிறகு தின்னுங்கள், நோய் இருந்தால் தொடாதீர்கள் என்பதுதான் அமெரிக்க அரசின் நோய்த்தடுப்பு மையம் சொல்கிற யோசனை. இன்னொன்று, ஈயக் குண்டு சிதறினால் கண்ணுக்குத் தெரியாத துணுக்குகள் கறியில் தங்கிவிடும். வீட்டில் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் இருந்தால் செம்புக் குண்டுக்கு மாறச் சொல்லுங்கள்.

எச்-1பி விசாவில் போகிற என்னைப் போன்றவர்கள் துப்பாக்கி தொடலாமா அண்ணா?
*- வாசகர், திருவாரூர்*

பொதுவாகக் கூடாது தம்பி. குடியேற்றமில்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ குண்டோ வைத்திருப்பதை அமெரிக்க மத்தியச் சட்டம் தடுக்கிறது. ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. நண்பன் கொடுத்தான், ஒரு தடவை சுட்டுப் பார்த்தேன் என்பதெல்லாம் வழக்காகிவிடும், விசா போய்விடும். வக்கீலைக் கேட்காமல் கை வைக்காதே. மொதல்ல வேலையில் சேர்.

எங்கள் கடலைக் கொல்லையைக் காட்டுப்பன்றி உழுதுவிட்டுப் போகிறது, மயில் நெல்லைத் தின்கிறது. அங்கே சீட்டு எழுதிக் கொடுக்கிறார்கள், இங்கே எங்களுக்கு ஏன் கொடுக்கக் கூடாது?
*- விவசாயி, வேதாரண்யம்*

உங்கள் கோபம் நியாயம். ஆனால் அந்தச் சீட்டுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் அவர்களும் கறிக்கும் தோலுக்கும் கண்டபடி சுட்டு, கோடிக்கணக்கில் இருந்த காட்டெருமையைச் சில நூறாக்கிவிட்டார்கள். அதன் பிறகுதான் 1900-ல் வேட்டைப் பொருளை மாநிலம் விட்டு மாநிலம் கடத்துவதற்கு எதிராக மத்தியச் சட்டம், 1937-ல் ரைபிள், குண்டு மீதான வரியை வனவிலங்குக்கே ஒதுக்குகிற சட்டம். அந்த வரியும் உரிமப் பணமும் வனவிலங்குத் துறைகளுக்கே போகிறது. நாமோ கடைசிச் சிவிங்கிப்புலிகளையும் சுட்டு முடித்து, 1952-ல் நம் நாட்டில் அந்த இனமே இல்லை என்று அறிவித்து, 1972-ல்தான் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் போட்டோம். எண்ணுவதற்கு ஆளும் இல்லை, சோதிப்பதற்கு வார்டனும் இல்லாத ஊரில் சீட்டுக் கொடுத்தால் முதலில் காலியாவது பன்றியாக இருக்காது, பக்கத்துக் கோடியக்கரையின் வெளிமானாகத்தான் இருக்கும். பன்றிக்கு வனத்துறையில் மனுக் கொடுங்கள், பயிர்ச் சேதத்துக்கு நிவாரணம் கேளுங்கள், கேட்டுக்கொண்டே இருங்கள். மயில் மேல் கை வைக்காதீர்கள். வேலியில் மட்டும் கரண்ட் விடாதீர்கள், ராத்திரி தண்ணீர் பார்க்கப் போகிற உங்கள் ஆள்தான் அதில் விழுவார்.

வயோமிங்கில் சுடுகிற பிராங்ஹார்னும் நம் வெளிமானும் ஒன்றா? படத்தில் அப்படியே இருக்கிறதே.
*- மாணவி, நாகப்பட்டினம்*

பார்க்கத்தான். அதன் குடும்பத்தில் இன்று மிச்சமிருக்கிற ஒரே இனம் அதுதான், உயிரோடு இருப்பவற்றில் அதற்கு நெருங்கிய சொந்தம் ஒட்டகச்சிவிங்கி. கொம்பின் மேலுறையை வருஷா வருஷம் உதிர்க்கும். மணிக்கு 90 கிலோமீட்டர் வரை ஓடும்.

அக்டோபரில் மகள் வீட்டுக்கு மொன்டானா போகிறேன். மாப்பிள்ளை காட்டுக்குக் கூப்பிடுகிறார், எல்க் கொம்பு ஒன்று தருகிறேன், ஊரில் கூடத்தில் மாட்டுங்கள் என்றும் சொல்கிறார். கரடி இருக்குமா? கொம்பைக் கொண்டு வரலாமா?
*- ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்*

கொலராடோ என்றால் கருங்கரடி மட்டும்தான். மொன்டானாவில், அதுவும் எல்லோஸ்டோன் பக்கம், கிரிஸ்லி கரடி உண்டு சார். விழுந்த மானின் வாசனைக்கு வரும். கரடி ஸ்பிரே எல்லார் இடுப்பிலும் இருக்க வேண்டும், பையின் அடியில் இருந்தால் பிரயோஜனமில்லை. கரடியைவிட உயரமும் குளிரும்தான் நம் வயதுக்காரர்களைப் படுத்தும். போன அன்றைக்கே மலை ஏறாதீர்கள், இரண்டு மூன்று நாள் வீட்டில் இருந்து உடம்பைப் பழக்குங்கள், நனைந்தால் சூடு வைத்துக்கொள்ளாத பருத்தித் துணியை விட்டுவிட்டுக் கம்பளி போடுங்கள்.

கொம்பு வேண்டாம். அங்கேயே மாநிலம் விட்டு மாநிலம் மான் தலையைக் கொண்டு போக, அந்த மூளை நோய்க்காகக் கட்டுப்பாடு இருக்கிறது. இங்கே வனவிலங்கின் உடற்பகுதியை இறக்குமதி செய்வதென்றால் சுங்கத்தில் என்ன பதில் சொல்வீர்கள்? எப்படியோ வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம், கூடத்தில் மாட்டிய மறுநாள் அது எல்க் கொம்பு, நம் ஊர்க் கடமான் கொம்பு இல்லை என்று ரேஞ்சருக்கு நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். மாப்பிள்ளையைக் கொம்போடு நிற்க வைத்து ஒரு போட்டோ எடுத்து, பிரேம் போட்டு மாட்டுங்கள்.