சேர்வராயன் குகையில் சுண்ணாம்புத் தூண் உண்டா?

கேள்வி: ஏற்காடு சேர்வராயன் கோயில் குகையிலும் ஆந்திராவின் போரா குகை மாதிரி சுண்ணாம்புத் தூண்கள் தொங்குமா? நடந்தே போகலாமா?
— வாசகி, அம்மாபேட்டை, சேலம்

பதில்: தொங்காதம்மா. போரா சுண்ணாம்புப் பாறை. கரியமில வாயு கலந்த மழைநீர் அதைக் கரைத்துக் குடைந்துவிடும். கரைந்தது சொட்டுச் சொட்டாகப் படிந்துதான் தூணாகிறது. நம் மலையோ சார்னோக்கைட் என்கிற பாறை, கருங்கல் மாதிரி கெட்டி. லேசில் கரையாது.

தாராளமாக நடக்கலாம். ஏரியிலிருந்து தார்ச்சாலைதான், ஏற்றம்; காப்பித் தோட்டமும் சில்வர் ஓக் நிழலும் கூடவே வரும். கோயில் இருப்பது 5,326 அடி உயரத்தில். உள்ளே சேர்வராயனும் காவேரியம்மனும். குனிந்தே போங்கள். சாமியைப் பார்த்த வேகத்தில் நிமிர்ந்து நான் மண்டையில் வாங்கியது தனிக்கதை. அப்புறம், மே மாதத் திருவிழா நெரிசலில் மட்டும் வேண்டாம். விடியற்காலையில் கிளம்புங்கள், ஸ்வெட்டரோடு.