புகார் கொடுக்காவிட்டாலும் சிகிச்சை கிடைக்குமா?

கேள்வி: என்னுடன் விடுதியில் தங்கி வேலை பார்க்கும் 23 வயதுத் தோழி, முந்தாநாள் இரவு தெரிந்த ஒருவனால் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானாள். குளித்து, உடைகளையும் துவைத்துவிட்டாள். காவல் நிலையம் என்றாலே பயப்படுகிறாள். புகார் இல்லாமல் மருத்துவமனையில் பார்ப்பார்களா?

பதில்: பார்த்தே ஆக வேண்டும், இன்றே அழைத்துச் செல்லுங்கள். அரசு மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும் உடனடியாக, இலவசமாகச் சிகிச்சை அளிக்க வேண்டும் என்பது குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 397ஆம் பிரிவு. எஃப்.ஐ.ஆர். கேட்டுத் திருப்பி அனுப்புவது குற்றம்.

அவசரம் என்று நான் சொல்வதற்குக் காரணம் எச்.ஐ.வி. தடுப்பு மருந்து. அதை 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் பயனுண்டு, எவ்வளவு முன்னதாகவோ அவ்வளவு நல்லது. உங்கள் தோழிக்கு அந்தக் கெடுவில் பெரும்பகுதி கழிந்துவிட்டது. தொடங்கிய பின் 28 நாட்கள் விடாமல் சாப்பிட வேண்டும். குமட்டலும் சோர்வும் வரலாம். அதற்காகத் தானாக நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் சொல்லச் சொல்லுங்கள். கர்ப்பத்தைத் தடுக்கும் லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மி.கி. மாத்திரையையும் மருத்துவமனையிலேயே உடனே கேட்டு வாங்குங்கள். 120 மணி நேரம் வரை கொடுக்கலாம் என்றாலும் தாமதிக்கத் தாமதிக்கப் பலன் குறையும். நம் ஊர் மருந்துக் கடைகள் பலவற்றில் இது கிடைப்பதில்லை என்பதால், கடை கடையாக அலைந்து நேரத்தை இழக்க வேண்டாம். பால்வினை நோய்களுக்கான மருந்துகளும், தேவையானால் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியும் அங்கேயே தருவார்கள்.

குளித்ததால் எல்லாம் அழிந்துவிட்டது என்று அவர் நினைக்க வேண்டாம். தடயங்கள் குறைந்திருக்கலாம்; ஆனாலும் 96 மணி நேரம் வரை மாதிரிகள் எடுக்கலாம் என்கிறது மத்திய சுகாதார அமைச்சகத்தின் 2014ஆம் ஆண்டு வழிகாட்டுதல். துவைக்காத துணி ஏதேனும் மிச்சமிருந்தால் காகித உறையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்; பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கித் தடயம் கெட்டுவிடும்.

சிகிச்சை, உடற்பரிசோதனை, தடயம் சேகரித்தல் ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே அவருடைய சம்மதம் வேண்டும். சிகிச்சையை மட்டும் ஏற்று மற்றவற்றை மறுக்கலாம், பரிசோதனையைப் பாதியில் நிறுத்தவும் சொல்லலாம். பிறப்புறுப்பில் விரல்களை நுழைத்துப் பார்க்கும் இரு விரல் பரிசோதனையை யாரும் செய்யக் கூடாது. அதைச் செய்பவர் ஒழுங்கீனக் குற்றவாளி என்று உச்ச நீதிமன்றம் 2022இல் தெளிவாகவே சொல்லிவிட்டது.

காவல்துறைக்குத் தகவல் சொல்வது மருத்துவமனையின் சட்டக் கடமை. இதை அவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள், அங்கே போய்த் தெரிந்தால் நம்பிக்கை உடைந்துவிடும். ஆனால் வாக்குமூலம் கொடுக்க விருப்பமில்லை என்று அவர் சொன்னால், மருத்துவர் அதைப் பதிவு செய்துகொண்டு சிகிச்சையைத் தொடர வேண்டும்.

மாதவிடாய் தள்ளிப்போனால் உடனே கர்ப்பப் பரிசோதனை செய்யுங்கள். இத்தகைய கர்ப்பத்தை 24 வாரம் வரை சட்டப்படி கலைக்கலாம். எச்.ஐ.வி. பரிசோதனையை மருத்துவர் சொல்லும் தேதிகளில் மறுபடியும் செய்ய வேண்டும். தூக்கமின்மை, திடுக்கிடல் போன்றவை தொடர்ந்தால், 181 எண்ணில் அழைத்து மாவட்ட ஒருங்கிணைந்த சேவை மையத்தில் மனநல ஆலோசனை பெறலாம். பரிசோதனை அறையில் நீங்கள் உடனிருக்க வேண்டும் என்று அவர் விரும்பினால், மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.