அப்பாயி இறங்கிய ஸ்டேஷன்

அன்புள்ள ஐயா,

தனுஷ்கோடி பற்றி நீங்கள் எழுதியதை அப்பாயிக்கு வாசித்துக் காட்டினேன். 1970ல் இலங்கையின் தலைமன்னாரில் கப்பலேறி, தனுஷ்கோடி ஸ்டேஷனில்தான் இறங்கியதாகச் சொல்கிறார். 1964லேயே புயல் கொண்டுபோன ஊர் அல்லவா? அவருக்கு நினைவு தப்புகிறதா?

ஒரு வாசகர், கோத்தகிரி

அன்புள்ள நண்பருக்கு,

அப்பாயி இறங்கியது ராமேஸ்வரம். புயலுக்குப் பிறகு கப்பல் அங்கேதான் வந்தது. ஆனால் அவரைத் திருத்த வேண்டாம். இலங்கைத் தேயிலைத் தோட்டத்து லயங்களில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், ‘ஊர்’ என்றால் இந்தியா; அதன் வாசலாக இருந்த பெயர் தனுஷ்கோடி. அவருடைய தாய் தகப்பன் காலத்துப் பேச்சு அது.

1914ல் பாம்பன் பாலம் திறக்கும்வரை, ரயிலில் தூத்துக்குடி போய்க் கொழும்புக்குக் கப்பல் ஏறினார்கள். பாலம் வந்ததும் எழும்பூரில் எடுத்த ஒரே டிக்கெட்டில் கொழும்பு போய்ச் சேரலாம் என்றாயிற்று. போட் மெயில் என்ற ரயில் தனுஷ்கோடித் துறை வரை போகும். இறங்கினால் கப்பல். அக்கரையில் தலைமன்னாரில் அடுத்த ரயில் நிற்கும். துரைமார் அப்படிப் போனார்கள். தேயிலைக்குக் கூலியாகப் போனவர்களையோ முதலில் மண்டபம் கேம்ப்பில் இறக்கி, நோய் இருக்கிறதா என்று நாள்கணக்கில் அடைத்துவைத்துச் சோதித்த பிறகே கப்பலேற விட்டார்கள்.

என்னால் கடந்துபோக முடியாத இடம் ஒன்று உண்டு. 1964 அக்டோபர் 30ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதினார்கள். அவர்களில் யாரையும் கேட்கவில்லை. அடுத்த 53ஆம் நாள், டிசம்பர் 22 இரவு, அவர்களின் பாட்டன் பூட்டன் கடல் தாண்டிய ஸ்டேஷனைக் கடல் எடுத்துக்கொண்டது. பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயிலும் தனுஷ்கோடியை நெருங்கும்போது அலையில் போயிற்று. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை. பாம்பன் பாலத்தை 46 நாளில் சரிசெய்துவிட்டார்கள். ராமேஸ்வரம் தீவின் அந்தக் கோடிக்கு மட்டும் மீண்டும் ரயில் ஓடவில்லை.

போன வருடம் அங்கே நின்றேன். மணலில் சில சுவர்த் துண்டுகள், ஒரு தண்ணீர்த் தொட்டி. சங்கு மாலை விற்ற பெண்மணி கையை நீட்டி, “அதுதான் டேசன்” என்றார். எல்லோரும் இடிந்த தேவாலயத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

திரும்பி வந்தவர்களையும் அதே மண்டபம் கேம்ப்பில்தான் வைத்தார்கள். அப்பாயி அங்கே எத்தனை நாள் இருந்தார், என்ன சாப்பிடக் கொடுத்தார்கள், கோத்தகிரிக்கு யார் அனுப்பினார்கள்? கேட்டு, அவர் குரலிலேயே பதிவுசெய்து வையுங்கள். இந்த மாதமே செய்யுங்கள்.