34 பேர் இருந்தால் அப்ரென்டிஸ் கட்டாயமா?

ஆமாம் சார், அப்ரென்டிஸ் (தொழில் பழகுநர்) எடுப்பது கட்டாயம்தான். உங்கள் பட்டறையில் நிரந்தர ஆட்கள் 26, ஒப்பந்தக்காரர் மூலம் 8 என்று எழுதியிருக்கிறீர்கள். "26 பேர்தானே" என்று உங்கள் கணக்காளர் சொல்வது எடுபடாது. அப்ரென்டிஸ் விதிகளின் 2019 திருத்தத்துக்குப் பிறகு வரம்பு 30 பேர், ஒப்பந்த ஆட்களையும் சேர்த்து. மொத்தத்தில் 2.5 முதல் 15 சதவீதம் எடுக்க வேண்டும். உங்களுக்கு ஒரு ஆள் போதும்.

அப்ரென்டிஸுக்குத் தரும் உதவித்தொகையில் 25 சதவீதத்தை, மாதம் 1,500 ரூபாய் வரை, ஒன்றிய அரசு நேராக அவருடைய வங்கிக் கணக்கில் போடுகிறது. மீதி உங்கள் செலவு. பயிற்சி முடிந்ததும் வேலை கொடுத்தே ஆக வேண்டுமோ என்ற பயம் வேண்டாம். அவரோடு போடும் ஒப்பந்தத்தில் நீங்களே அப்படி எழுதாதவரை கட்டாயமில்லை. அப்புறம், லேத்தில் கை மாட்டினால் இழப்பீடு உங்கள் தலையில்தான். அரசின் அப்ரென்டிஸ் இணையதளத்தில் அந்த ஒப்பந்தத்தைப் பதிவு செய்துவிட்டு ஆளை மெஷினில் நிறுத்துங்கள். டீ வாங்க மட்டும் அனுப்பாதீர்கள், சார்!