மரணத்துக்குக் காபி ஊற்றும் பிள்ளைகள்

கேள்வி: இன்றைய டேனிஷ் சிறார் இலக்கியத்தில் மாயக் கதைகளின் தாக்கம் உண்மையிலேயே இருக்கிறதா, அல்லது பத்தொன்பதாம் நூற்றாண்டில் மாயக் கதைகள் எழுதிய ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் வெறும் சிலையாக நிற்கிறாரா?

இருக்கிறது, ஆனால் பலரும் தேடுகிற இடத்தில் இல்லை என்பது, டென்மார்க்கின் யூட்லாந்துப் பகுதியில் வசித்துக்கொண்டு மகளுக்கு நூலகப் புத்தகங்களை வாசித்துக் காட்டிய என் கருத்து. ஆண்டர்சனிடமிருந்து இன்றைய எழுத்தாளர்களுக்குக் கிடைத்த சொத்து இளவரசிகளோ கடற்கன்னியோ அல்ல, குழந்தையிடம் துயரத்தை மறைக்காத துணிவு.

1847-இல் வெளியான அவருடைய 'ஒரு தாயின் கதை'யில், குளிரில் நடுங்கியபடி வீட்டுக்குள் வரும் கிழவருக்காக ஒரு தாய் பியரைச் சூடாக்கி வைக்கிறாள். வந்திருப்பது மரணம் என்பதை அவள் அறியாள். அவள் ஒரு நொடி கண்ணயர்ந்ததும் அவர் நோயுற்ற குழந்தையைத் தூக்கிச் சென்றுவிடுகிறார். கிளென் ரிங்ட்வெட் எழுதி, ஷார்லட் பார்டி படம் வரைந்து 2001-இல் வந்த 'அழு, நெஞ்சே' என்னும் பொருள்படும் படப்புத்தகத்திலும் மரணம் விருந்தாளியாகவே வருகிறது. ஆனால் இங்கே நான்கு பிள்ளைகளுக்கும் வந்தவர் யாரென்று தெரியும். மாடியில் படுத்திருக்கும் பாட்டியை அழைத்துப் போகத்தான் வந்திருக்கிறார் என்பதும் தெரியும். இரவில் மட்டுமே அவர் வேலை செய்வார் என்று நம்பி, விடியும்வரை அவரைச் சமையலறையிலேயே உட்கார்த்தி வைக்க, கோப்பை கோப்பையாகக் காபி ஊற்றிக் கொடுக்கிறார்கள். பியர் காபியாகியிருக்கிறது, அறியாமை தந்திரமாகியிருக்கிறது; முடிவு மட்டும் மாறவில்லை, பாட்டி இறந்துதான் போகிறார். இந்தப் புத்தகத்தை வாசித்த இரவில் மகளைவிட நான்தான் அதிகம் கலங்கினேன்.

மாயப் புனைவுத் தொடர்களைப் பொறுத்தவரை, லேன கோபர்பெல் 2000-இல் தொடங்கிய 'நாணமூட்டுபவளின் மகள்' வரிசையைத்தான் முதலில் சொல்வேன். அதில் கோட்டையும் இருக்கிறது, டிராகன்களும் இருக்கின்றன. ஆனாலும் கதையை நகர்த்துவது வாளல்ல, பார்வை. சிறுமி டீனா யாருடைய கண்ணை நோக்கினாலும் அவர் தம் குற்றங்களை எண்ணிக் கூசிப்போகிறார். அதனாலேயே அவளோடு விளையாட யாரும் வருவதில்லை. வரத்தையே சுமையாக்கும் இந்த வழக்கம் பழைய கதைகளுடையது, அதன் வலியோ இன்றைய பள்ளிக்கூடத்துப் பிள்ளையுடையது.

வடிவத்தில் விளையாடியவர் லூயிஸ் யென்சன். சதுரக் கட்டமாக அச்சிடப்பட்ட மிகச்சிறு கதைகளை 1992 முதல் தொகுதி தொகுதியாக எழுதி, ஆயிரத்தொரு இரவுகளின் கணக்கிலேயே 1001-ஐ எட்டினார். டேனிஷ் மொழியில் மாயக் கதைக்கும் சாகசத்துக்கும் 'எவன்டூர்' என்ற ஒரே சொல்தான் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். மாயக் கதை வேறு, சாகசம் வேறு என்று நாம் பிரித்துக் கேட்கும் கேள்வி டேனிஷ்காரர்களுக்குச் சற்று விசித்திரமாகவே படும்.

எங்கே தொடங்குவது என்று கேட்டால், 'ஒரு தாயின் கதை'யையும் ரிங்ட்வெட்டின் புத்தகத்தையும் ஒரே மாலையில் அடுத்தடுத்து வாசியுங்கள். இரண்டும் ஆங்கிலத்தில் கிடைக்கின்றன.