மஞ்சள் டெய்சிக் குச்சிகள் ஏன் அழுகுகின்றன?

ஜனவரியில் வெட்டி நட்ட பத்துக் குச்சிகளும் கறுத்துப்போயின என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் சொல்லும் அடையாளத்தைப் பார்த்தால், ஓரம் வெட்டுவெட்டாக உள்ள பச்சை இலை, குளிர்காலத்தில் மஞ்சள் பூ, அது யூரியோப்ஸ் கிரைசாந்தெமாய்டெஸ். தென்னாப்பிரிக்காவில் கிழக்குக் கேப்பிலிருந்து குவாசூலு-நட்டால் வரை தானாகவே வளரும் நம் ஊர்ச் செடி.

மாதம்தான் முதல் காரணம். ஜனவரி நமக்குக் கோடை, டர்பன் வெயிலும் மழையும் சேர்ந்து தொட்டி மண்ணை அவித்துவிடும். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் நான் மார்ச் கடைசிக்கு முன் கத்தியைத் தொடுவதில்லை.

மொட்டு வராத நுனியாகத் தேர்ந்தெடுங்கள். துவளும் பிஞ்சும் வேண்டாம், முற்றிய கட்டையும் வேண்டாம். வளைத்து விட்டால் நிமிர வேண்டும். விரல் நீளத்தில், கணுவுக்குச் சற்றுக் கீழே, கூரான கத்தியால் ஒரே வெட்டு. மழுங்கிய கத்தரி தண்டை நசுக்கும். அழுகல் அங்கேதான் தொடங்கும். கீழ்ப்பாதி இலைகளை ஒவ்வொன்றாகக் கிள்ளுங்கள், உருவினால் தோலும் உரிந்து வரும்.

அடியில் துளையிட்ட ஐஸ்கிரீம் டப்பாவும் ஆற்று மணலும் போதும். கடல் பக்கத்தில்தானே இருக்கிறது என்று அங்கே மணல் அள்ளாதீர்கள், உப்பு வேரைக் கெடுக்கும். எரு கூடவே கூடாது. வெளிச்சமுள்ள நிழலில் வைத்து, மேல்மணல் வெளுத்த பிறகே மறுபடி தண்ணீர் விடுங்கள். உங்கள் குச்சிகளுக்கு நாள்தோறும் தண்ணீர் விட்டீர்கள் அல்லவா?

நான்கு வாரம் கழித்து ஒரு குச்சியை மெல்ல இழுத்துப் பாருங்கள். மணல் பிடித்து இழுத்தால் வேர் விட்டாயிற்று. வெட்டுவாயில் முதலில் நொய்யரிசி போல வெள்ளைப் புடைப்பு எழும்பும், பிறகு அதிலிருந்து நூல் நூலாக வேர் இறங்கும். எத்தனை வருடம் பார்த்தாலும் எனக்கு அது அலுப்பதில்லை.

சாம்பல் நிற இலையுள்ள யூரியோப்ஸ் பெக்டினேட்டஸையும் நர்சரியில் விற்பார்கள். அது குளிர்காலத்தில் மழை பெய்யும் மேற்குக் கேப் செடி. நம் கோடை ஈரத்தில் என்னிடம் இரண்டு முறை பட்டுப்போனது.

வேர்விட்டதை முழு வெயிலில், ஒரு மீட்டர் இடைவெளியில் நடுங்கள். பூ ஓய்ந்ததும் மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிடுங்கள், ஆனால் இலையில்லாத பழங்கட்டை வரை இறங்காதீர்கள், துளிர்ப்பது அரிது. முதல் மொட்டுகளையும் மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு கிள்ளிவிடுங்கள். அடுத்த ஜூலையில், துலுக்கச் சாமந்தி ஓய்ந்திருக்கும்போது, விளக்கடிக்கு வைக்க முற்றத்திலேயே பூ இருக்கும்.