பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டியைக் கட்டி இழுக்கும்போது எந்த லீவர் எங்கே இருக்க வேண்டும்?

நான்கு சக்கரமும் தரையில் உருள, இழுவைக் கம்பியால் இன்னொரு வண்டியின் பின்னால் மாட்டி இழுப்பதுதான் ஃபிளாட் டோயிங். எஞ்சின் ஓடாது. ஆனாலும் சக்கரங்கள் ஷாஃப்ட் வழியாகக் கியர்பாக்ஸின் பின்பகுதியைச் சுழற்றிக்கொண்டே வரும். ஆபத்து அங்கேதான்.

கியர்பாக்ஸ் எண்ணெய் அடியில் தேங்கி நிற்கும். கீழே உள்ள பல்சக்கரங்கள் சுழன்று வாரியிறைத்தால்தான் மேலே உள்ள பேரிங்குகளுக்கு எட்டும். குட்டையில் சக்கரம் ஓடினால்தானே தண்ணீர் தெறிக்கும்? எஞ்சின் நின்றிருந்தால் கீழ்ப் பல்சக்கரங்கள் அசையாது. மேல் ஷாஃப்ட் மட்டும் எண்ணெயில்லாமல் சுழன்று தேயும்.

அதனால், கியர்பாக்ஸின் சக்தியை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்து அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸின் லீவரை நியூட்ரலுக்குக் கொண்டுவாருங்கள். அப்போது சக்கரங்களின் சுழற்சி கியர்பாக்ஸை எட்டாது. மேனுவல் கியர்பாக்ஸைக் கியரிலேயே விடுங்கள். கிளம்பும் முன் எஞ்சினை ஓடவிட்டு, கியர் போட்டு, கிளட்சை மெல்ல விட்டுப் பாருங்கள். வண்டி துளியும் நகரக் கூடாது. இந்தச் சோதனையைத் தயவுசெய்து தவிர்க்காதீர்கள். முன்சக்கரங்களை அவற்றின் ஷாஃப்டோடு இணைக்கவும் பிரிக்கவும் உதவும் ஹப் குமிழ்கள் ஃப்ரீயில் (பிரிந்த நிலையில்) இருக்கட்டும், ஸ்டீயரிங் பூட்டு திறந்திருக்கட்டும். டிரான்ஸ்ஃபர் கேஸில் நியூட்ரலே இல்லையென்றால், சக்கரங்களுக்குப் போகும் ஷாஃப்டைக் கழற்றிவிடுவேன்.

‘கியரை நியூட்ரலில் போட்டால் போதும்’ என்று பலர் நினைக்கிறார்கள். நியூட்ரலில் இருக்க வேண்டியது கியர்பாக்ஸ் அல்ல, டிரான்ஸ்ஃபர் கேஸ்.